பால் கணக்கும் ஒரு படிப்புதான்!



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவருக்கு வயது முப்பத்தொன்று. பி.காம். படித்தவர். இரண்டு குழந்தைகள். "டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் படித்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்கிறார்கள். ஆறு மாச வகுப்புக்கு ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். நகையை வைத்துக் கட்டிவிடலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

நகை என்றதும் எனக்குப் பக்கென்றது. இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. நான் பிளஸ் டூவோடு நின்றவள். 'இவளுக்கு என்ன தெரியும், இவள் சொல்ல வந்துவிட்டாள்' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தப் படிப்பை ஒருத்தி ஆரம்பத்திலிருந்து வேலை கிடைக்கும் வரை படித்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். அவள் என் ஓரகத்தி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'சின்னவள்'. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

எங்களுடையது திருச்சியில் கூட்டுக்குடும்பம். அத்தை, நாங்கள் மூன்று பேர், கொழுந்தனார் வீட்டில் மூன்று பேர், ஆக ஏழு இலை. சின்னவள் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் ஒன்பது வருஷம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 2020 மார்ச் கடைசி வாரத்தில் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. விமானங்கள் நின்றன. விமானமே பறக்காதபோது டிக்கெட் எதற்கு? ஏப்ரலில் பாதிச் சம்பளம். மே மாதம் அதுவும் இல்லை. ஜூனில், "நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்" என்று ஒரு போன். உள்நாட்டு விமானம் மே 25-ல் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது என்றாலும், வெளிநாட்டு விமானங்கள் பழையபடி பறக்க 2022 மார்ச் 27 வரை ஆகிவிட்டது. அவர்கள் அவளைக் கூப்பிடவே இல்லை.

கொழுந்தனார் வேலை பார்த்தது அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே முக்கிய வருமானம். கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்றால் யார் முந்நூறு பத்திரிகை அடிப்பார்கள்? அவருக்கும் பாதிச் சம்பளம். என் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் குறையாமல் வந்தது. ரேஷன் அரிசியும் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் கைகொடுத்தன. ஆனால் வீட்டுக் கடன் தவணை காத்திருக்குமா?

அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் ராத்திரி சின்னவள் என்னிடம், "அக்கா, டிக்கெட் தொழிலை நம்பி இனிமே உட்கார முடியாது. நான் வேற ஒண்ணு படிக்கப் போறேன்" என்றாள். டேட்டா என்றாள். எனக்குத் தெரிந்த டேட்டா, போனில் தினமும் ஒன்றரை ஜி.பி. தீர்ந்துபோகுமே, அதுதான்!

அவள் விளக்கினாள். "பால் கார்டு இருக்கில்ல அக்கா? தேதி ஒரு வரிசை, எத்தனை பாக்கெட் ஒரு வரிசை, பாக்கி ஒரு வரிசை. அதுதான் டேட்டா. அதைப் பார்த்து, 'வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட் கூட வாங்குறோம், சனிக்கிழமை பால் மீந்து போகுது'ன்னு நீங்க கண்டுபிடிக்கிறீங்க பாருங்க, அதுதான் அனாலிசிஸ்."

அட, இவ்வளவுதானா? நாம் வருஷக்கணக்காய் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்!

இவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பால் கார்டில் முப்பது வரி. ஒரு கம்பெனியின் கணக்கில் மூன்று லட்சம் வரி. அதைக் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட முடியாது. அதற்குத்தான் எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான் என்று ஒவ்வொன்றாய்ப் படிக்கிறார்கள். பைத்தான் என்றதும் அத்தை, "மலைப்பாம்பா? அதை எதுக்குடி வீட்டுக்குள்ள விடறே?" என்றார்கள். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கணினி மொழியை உண்டாக்கிய டச்சுக்காரருக்கு 'மான்ட்டி பைத்தான்' என்ற இங்கிலாந்து நகைச்சுவை நிகழ்ச்சி ரொம்பப் பிடிக்குமாம். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

முதல் இரண்டு மாசம் எக்செல் மட்டும். அவள் கையாண்ட முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுகாதாரத் துறை தினமும் சாயங்காலம் மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கையை வெளியிடும் அல்லவா? அதை ஒரு நாள் விடாமல் கையாலேயே தட்டி ஏற்றினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொல்வேன். பத்து நாளில் ஒரு தொல்லை வந்தது. மொத்தம் கூட்டினால் திருச்சி இரண்டு இடத்தில் வருகிறது! ஒரு நாள் 'திருச்சி' என்றும், இன்னொரு நாள் 'திருச்சிராப்பள்ளி' என்றும் ஏற்றியிருந்தாள். நமக்கு இரண்டும் ஒரே ஊர். மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். இந்த மாதிரி ஒவ்வொன்றாய்த் தேடி ஒழுங்குபடுத்துவதற்கு டேட்டா கிளீனிங் என்று பெயர். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். சின்னவள் இப்போதும் சொல்வாள், "வேலையில பாதி நேரம் கல் பொறுக்குறதுதான் அக்கா" என்று. விளம்பரத்தில் இதை யாரும் காட்டுவதில்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. ஒரு நாள் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் நாம் எல்லோரும் 'அப்பாடா' என்போம். ஆனால் விடுமுறை நாளில் பரிசோதனையே குறைவாக நடந்திருக்கலாம். அதனால்தான் ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்க்கிறார்கள். அதே போல், 2020 டிசம்பர் 28-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. இப்படி ஒரு மாவட்டம் இரண்டானால், பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்து 'நோய் குறைந்துவிட்டது' என்று சொல்லிவிடக் கூடாது. எண் பொய் சொல்வதில்லை என்பார்கள். கூட்டுகிறவர் கவனிக்காவிட்டால் நன்றாகவே சொல்லும்!

பெரிய இடத்தில்கூட இது நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பேருக்குத் தொற்று உறுதியானது தினசரிக் கணக்கில் விட்டுப்போனது. காரணம் என்ன தெரியுமா? பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் தீர்ந்த பிறகும் எழுதிக்கொண்டே போனால் எழுத்து எங்கே போகும்? அப்படித்தான் ஆயிற்று. நோயாளிகளுக்கு 'உங்களுக்குத் தொற்று' என்ற தகவல் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிப்பது தாமதமாகிவிட்டது. இதைச் சின்னவள் படித்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வரி விட்டுப்போவது என்றால் ஒரு மனுஷர் விட்டுப்போவது!

சரி, படிக்க நேரம்? இதுதான் சகோதரிகளே, உண்மையான கேள்வி. வீட்டில் ஏழு பேரும் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறோம். காலை டிபன், பத்து மணிக்கு ஒரு டீ, சாப்பாடு, மறுபடி டீ, பலகாரம் என்று அடுப்பு அணையவே அணையாது. சின்னவள் பெண்ணுக்கு இரண்டாம் வகுப்பு, போனில் பாடம். என் பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்தாகி 'ஆல் பாஸ்' ஆன கூட்டத்தைச் சேர்ந்தவன், பதினொன்றாம் வகுப்புக்குக் கல்வி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். இதில் எங்கே உட்கார்ந்து படிப்பது?

நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரை அவள் மாடி அறையில் படிப்பாள். காலைச் சமையல் முழுக்க என் பொறுப்பு. மத்தியானப் பாத்திரம், இரண்டு பிள்ளைகளின் பாடம் எல்லாம் அவள் பொறுப்பு. மாவு அரைப்பது கொழுந்தனார். ஆமாம், கொழுந்தனார்தான்! அத்தை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "என் பிள்ளை கிரைண்டர் கழுவுறான், மருமக கம்ப்யூட்டர் தட்டுறா" என்று பக்கத்து வீட்டுச் சுவரோரம் புலம்பல் வேறு. நான் பதில் பேசவில்லை. தவணை கட்டுகிற தேதியில் மட்டும் வங்கிப் புத்தகத்தை அவர்கள் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் ஒரு பெண் படிக்கிறாள் என்றால், இன்னொருத்தர் அவள் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். 'மனமிருந்தால் போதும், குழந்தை தூங்கும்போது படிக்கலாம்' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கியாக வேண்டாமா? கைக்குழந்தைக்காரிகள் ராத்திரித் தூக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதீர்கள். ஒரு வருஷம் கழித்துப் படித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்தச் சமயத்தில்தான் சின்னவளுக்கும் ஒரு வகுப்புக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். 1,20,000 ரூபாய், 'நூறு சதவிகிதம் வேலை உத்தரவாதம்', பணம் இல்லையென்றால் மாதத் தவணை. அவள் கொஞ்சம் ஆடித்தான் போனாள். என் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தார். தவணை என்பது வகுப்புக்காரர்களுக்கு நாம் கட்டுவதல்ல. வேறொரு நிதி நிறுவனம் நம் பெயரில் கடன் கொடுத்து, அந்தப் பணத்தை அவர்களிடம் முன்கூட்டியே கட்டிவிடும். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் கடன் நம் தலையில்தான்! வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்றார்களே, அதற்கு ஒரு பக்கம் முழுக்க நிபந்தனை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கடிதம் எழுதிய சகோதரி, தயவுசெய்து நகையைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: கடன் யார் பெயரில், நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும், போன வருஷம் படித்து முடித்த நாலு பேரிடம் பேச முடியுமா. இந்த மூன்றாவதற்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.

அவள் படித்ததெல்லாம் இனாமாகக் கிடைத்ததுதான். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். 'காகிள்' என்ற தளத்தில் பயிற்சிக் கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. லேப்டாப் மட்டும் செகண்ட் ஹேண்ட், 18,000 ரூபாய்.

பட்டமாகவே வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் டேட்டா சயன்ஸில் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. எழுத வேண்டாம். பிளஸ் டூ தேறி, பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. நாலு வாரப் பாடம் முடித்து, தகுதித் தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். தேறினால் இடம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். கணக்கு கொஞ்சம் கடினம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சின்னவள் யோசித்துவிட்டு, 'எனக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாது அக்கா' என்று விட்டுவிட்டாள். ஆனால் உங்களில் அவசரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

இப்போது 2021 மே மாதத்துக்கு வருகிறேன். எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்குகிறது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்த வாரம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்ஸிஜன் இல்லை என்று ஊரே கலங்கிக் கிடந்தது. அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. வயது அறுபத்தெட்டு, சர்க்கரை வேறு. பரிசோதனையில் தொற்று. வயதையும் சர்க்கரையையும் பார்த்து டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஆக்ஸிஜன் 97 இருக்கு. இப்போதைக்கு வீட்டில் தனி அறையில் வையுங்கள். தினமும் போனில் சொல்லுங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள்" என்றார்.

நான் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி எண்ணைக் கத்திச் சொல்வேன். கதவுக்கு வெளியே சின்னவள் குறித்துக்கொள்வாள். நாளுக்கு நாலு வேளை. விரல் சில்லென்றிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ அந்தக் கருவி தப்பாகக் காட்டும். அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் அசையாமல் உட்காரவைத்துத்தான் பார்ப்போம். முதல் நாள் 97, 97, 98, 97. மூன்றாம் நாள் 97, 96, 96, 96. ஐந்தாம் நாள் 96, 95, 96, 95. தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பயமுறுத்தவில்லை. அத்தையும், "எனக்கு ஒண்ணுமில்ல, ரசம் சாதம் குடு போதும்" என்றுதான் சொன்னார்கள். டாக்டர் சொன்ன 94-க்கு மேலேதானே இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் தைரியமாக இருந்தோம்.

ஆறாம் நாள் காலை சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை எண்ணையும் கோடாகப் போட்டிருந்தாள். கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. "அக்கா, நாளைக்கோ நாளான்னைக்கோ 94-க்குக் கீழே போயிடும். அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" என்றாள். டாக்டருக்குப் போன் போட்டோம். படத்தை அனுப்பச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் மெல்ல நடக்கவைத்துப் பார்க்கச் சொன்னார். நாலு நிமிஷத்திலேயே 91. உடனே நிறுத்தி உட்காரவைத்தோம். "கிளம்பி வாங்க" என்றார்.

அன்று மத்தியானம் ஒரு படுக்கை கிடைத்தது. ஐந்து நாள் ஆக்ஸிஜன், பதினோராம் நாள் வீடு. அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, "யார் போட்டது இது?" என்று கேட்டாராம். அத்தை மூச்சிரைப்போடு, "என் சின்ன மருமக" என்றார்களாம். அதற்குப் பிறகு கிரைண்டர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

இந்த மாதிரிக் கோடும் படமும் போட்டு உயிரைக் காப்பாற்றுவது பெண்களுக்குப் புதுசுமில்லை. கைவிளக்கேந்திய நர்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், அந்த அம்மாள் 1858-ல் ஒரு வட்டப் படம் வரைந்தார். போர்க்காயத்தால் செத்த வீரர்களைவிட, சுத்தமில்லாத ஆஸ்பத்திரியில் நோய் பிடித்துச் செத்தவர்கள்தான் அதிகம் என்று பெரிய மனிதர்களுக்குக் காட்டினார். விளக்கைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தப் படத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சின்னவளுக்கு 2021 செப்டம்பரில் வேலை கிடைத்தது. ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி. எந்த மருந்து எந்த ஊரில் எவ்வளவு போகிறது, எது காலாவதியாகப் போகிறது என்று கணக்கெடுத்துச் சொல்லும் வேலை. சம்பளம் 16,000. பழைய டிக்கெட் வேலையில் 19,000 வாங்கியவள்! லட்சக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதில் புதுத் தொழிலில் நுழைகிறவளுக்கு முதல் படி கீழேதான் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து வேறு இடம் மாறினாள், சம்பளம் இரட்டிப்பானது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது, கேட்டால் சூத்திரத்தை அதுவே எழுதிக் கொடுத்துவிடும், இனி படித்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். சின்னவளும் அதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறாள். போன மாதம் அது போட்டுக் கொடுத்த கணக்கில் திருச்சியும் திருச்சிராப்பள்ளியும் தனித்தனியாக இருந்ததாம். சிரித்துக்கொண்டே சரிசெய்தாள்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கு அழகில்லை. முதல் வருஷம் அவளுக்குக் கழுத்துவலியும் கண் எரிச்சலும் பாடாய்ப்படுத்தின. கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்யாதீர்கள். நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி உட்காருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம் வையுங்கள். தனி கீபோர்டு ஒன்று வாங்கிவிட்டால் தோள்வலி பாதி குறையும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இருபது அடி தூரத்தில் இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள். சின்னவள் எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்ப்பாள். கண்ணைக் கொட்ட மறந்துவிடுவதால்தான் எரிச்சல், அதனால் வேண்டுமென்றே நாலு தரம் கொட்டுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், எழுந்து போகிற சாக்காவது கிடைக்கும்.

நான் என்ன படித்தேன் என்று கேட்கிறீர்களா? எக்செல் மட்டும்தான். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவு, கடன் பாக்கி எல்லாம் இப்போது அதில்தான். பதினான்கு பேரின் சேமிப்பு எண்களும் மாதக் கடைசியில் ஒரே சொடுக்கில் கூட்டி வருகின்றன. போன கூட்டத்தில் இரண்டு பேர், "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், ஆளுக்கொரு பால் கார்டோடு.